விசாரணை உள்ளவர்கள், இல்லாதவர்கள்

போன மாதம் நிவேதா போன் செய்தாள். வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் மனிதவளப் பிரிவில் இருக்கும் பெண். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு என்னிடம் கொஞ்ச காலம் பயிற்சிக்கு வந்திருந்தாள். தொழிலாளர் சட்டங்களை எல்லாம் சுருக்கிப் புதிதாகக் கொண்டுவந்திருக்கிறார்களே, இனிமேல் ஆளை வேலையை விட்டு அனுப்புவது சுலபம் என்று அவளுடைய மேலாளர் சந்தோஷமாக இருக்கிறாராம். அவளுக்கு ஒரு சந்தேகம். "ஒங்க காலத்துல ஒருத்தர அனுப்ப அம்புட்டு மாசம் விசாரணை நடத்துனீங்களே சார், அதுனால மில்லுக்கு ஏதாச்சும் நல்லது நடந்துச்சா?" என்று கேட்டாள்.

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் சவரிமுத்துவின் வழக்குதான் முதலில் வந்து நிற்கிறது.

நான் திண்டுக்கல்லில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தார். சமூகப்பணி படித்துவிட்டு, மதுரையில் ஒரு பெரிய ஆலையில் லேபர் ஆபீசருக்குக் கீழே சில வருஷம் கோப்பு தூக்கினேன். சார்ஜ் ஷீட் எழுதுவது, விளக்கம் கேட்பது, லேபர் கோர்ட்டில் வாய்தா வாங்குவது எல்லாம் அங்கே படித்ததுதான். பிறகு எங்கள் ஊர்ப் பக்கமே வேலை கிடைத்தது. எரியோட்டுக்குப் போகிற ரோட்டில் தையல் நூல் தயாரிக்கும் மில். அங்கே தொழிலாளர் விவகாரங்களைப் பார்க்கும் பெர்சனல் ஆபீசர் நான்.

முதலாளி ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். காய்கறி வியாபாரத்தில் வளர்ந்து பஞ்சுக்கு வந்தவர். தொண்ணூறுகளின் நடுவில் ஓர் அமெரிக்கக் கம்பெனி எங்கள் மில்லில் பங்கு வாங்கியது. நிர்வாகத்தைப் பார்க்க ஹார்ப்பர் என்று ஒருவரை அனுப்பினார்கள். தொழிலாளர்கள் வாயில் அவர் ஆப்பர் சார் ஆனார்.

ஹார்ப்பரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்ல உயரம். அவர் அறையில் நாற்காலி இருந்தது, அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மேஜையில் ஒரு கையை ஊன்றி நின்றபடியே படிப்பார், நின்றபடியே கையெழுத்துப் போடுவார். காலையில் முதல் வேலையாக, நூல் நூற்கும் ஸ்பின்னிங் பிரிவுக்குள் போய்விடுவார். வெளியே வரும்போது தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும், அதைத் தட்டிவிடவும் மாட்டார். கேன்டீனில் தொழிலாளர்களோடு வரிசையில் நின்று தட்டு வாங்கினார். எங்கள் ஊர் மேனேஜர்கள் ஒருவரும் செய்யாத காரியம் அது. எந்தச் சிக்கலைக் கொண்டுபோனாலும் செத்த நேரம் கேட்பார், ஒரு முடிவைச் சொல்வார், சொல்லிவிட்டு 'சிம்பிள்' என்பார். அதற்கு மேல் பேச்சு இருக்காது.

எங்கள் சட்டம்தான் அவருக்குச் சிம்பிளாக இல்லை. அவர் ஊரில் ஒருவரை வேலைக்கு வைத்தால் அடுத்த நாளே அனுப்பலாமாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. போகிறவனும் காலையில் சொல்லிவிட்டு மதியம் இன்னொரு கம்பெனிக்குப் போய்விடலாம். "என்னுடைய மேலதிகாரி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அதே பெயரைச் சொல்லி ஒரு நாள் போகச் சொல்லலாம். அதில் எனக்கு வருத்தம் இல்லை" என்றார். நம் ஊரில் நிரந்தரத் தொழிலாளி ஒருவரைத் தப்புக்காக அனுப்ப வேண்டுமானால் குற்றச்சாட்டைக் கொடுத்து, விளக்கம் கேட்டு, வெளியாள் ஒருவரை வைத்து விசாரித்து, இரு தரப்புச் சாட்சியையும் கேட்ட பிறகுதான் முடிவு எடுக்கலாம் என்று நான் சொன்னேன். ஒரு பிரிவையே மூடுவதென்றால் அரசாங்கத்திடம் அனுமதி கேட்க வேண்டும் என்றும் சொன்னேன். "அப்படியென்றால் மில் யாருடையது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அந்தக் கேள்வி முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "நானும் இதத்தானுங்க ரொம்ப நாளாக் கேக்கறேன்" என்றார். "அனுப்பறதுக்கு இம்புட்டுப் பாடுன்னா, வெக்கறதுக்கே கை நடுங்குதுங்களே. அதனாலதானுங்க புதுசா யாரையும் நிரந்தரமா எடுக்கறதில்ல."

அது உண்மை. அந்த வருஷங்களில் புது ஆட்கள் எல்லாரும் பயிற்சியாளர் என்ற பெயரில்தான் வந்தார்கள். பெரும்பாலும் சுற்று வட்டாரக் கிராமங்களின் பெண்பிள்ளைகள். மில்லுக்குள்ளேயே ஹாஸ்டல். நிரந்தரத் தொழிலாளி செய்த அதே வேலையைத்தான் அவர்களும் செய்தார்கள். ஆனால் அவர்களை அனுப்ப விசாரணை கிடையாது. ஹாஸ்டல் வார்டனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெட்டியைக் கட்டிவிடுவார்கள்.

ஒரு நாள் வெளிநாட்டிலிருந்து நூல் வாங்கும் ஆட்கள் மில்லைப் பார்க்க வந்திருந்தார்கள். ஹார்ப்பர் அவர்களை ஸ்பின்னிங்குக்குள் அழைத்துப் போனார், நானும் பின்னால் போனேன். அங்கே பேச்சு காதில் விழாது, அவ்வளவு இரைச்சல். ஹார்ப்பர் கையைக் காட்டிக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று இரைச்சல் இறங்கியது. நூற்கும் ஃப்ரேம்கள் ஒவ்வொன்றாகச் சுற்று குறைந்து மொத்த இடமும் நின்றுபோனது. ஓடுகிற ஃப்ரேமை அப்படி ஒரேயடியாக நிறுத்தினால் இழைகள் கண்டபடி அறுந்துவிடும். எல்லாவற்றையும் திரும்ப எடுத்து ஒட்டி ஓட்டுவதற்குள் அந்த ஷிப்ட்டே போய்விடும். ஏற்றுமதிக்கு அவசர ஆர்டர் ஓடிக்கொண்டிருந்த நேரம் வேறு.

கரண்ட் போகவில்லை. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கோடியில் இருந்த மின்சாரப் பேனலுக்குப் பக்கத்தில் எலெக்ட்ரீஷியன் சவரிமுத்து நின்றுகொண்டிருந்தார். மெஷின்களுக்கான மெயின் சுவிட்சை அணைத்தது அவர்தான். சூப்பர்வைசர் தங்கவேல் ஓடிப்போய்க் கேட்டதற்கு, "ஆமா, நாந்தான் அணைச்சேன்" என்றாராம். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

சவரிமுத்து நிரந்தரத் தொழிலாளி. நாகல்நகர்ப் பக்கம் வீடு. அவர்மேல் அதுவரை ஒரு மெமோ கிடையாது. அதிகம் பேசாதவர், வேலை சுத்தம். வந்தவர்களை வழியனுப்பிவிட்டு வந்த ஹார்ப்பர், மேஜையில் கை ஊன்றி நின்றபடி சொன்னார்: "இன்றைக்கே அவர் போகட்டும். சிம்பிள்."

முடியாது என்று விளக்கினேன். இடைநீக்கம் செய்யலாம், அந்தக் காலத்துக்குப் பிழைப்பூதியம் கொடுக்க வேண்டும், விசாரணை நடக்க வேண்டும் என்றேன். வேலை செய்யாமல் இருப்பவருக்கு எதற்குப் பணம் என்று கேட்டார். குற்றம் இன்னும் தீர்மானமாகவில்லை என்றேன். "அவரே ஒத்துக்கொண்டாரே?" "அணைத்ததை ஒத்துக்கொண்டார். எதற்கு அணைத்தார் என்று நமக்குத் தெரியாதே?" ஹார்ப்பர் மேஜையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, உன் சட்டப்படி செய், சீக்கிரம் செய் என்றார்.

விசாரணை அதிகாரியாகத் திண்டுக்கல் வக்கீல் நாகராஜனை அமர்த்தினோம். அவர் விசாரணை நடத்தும் விதத்தை அருகில் இருந்து பார்ப்பதே ஒரு பாடம். குற்றம் சாட்டப்பட்டவரை நிர்வாகத்தின் முகம் தெரியாதபடி ஜன்னல் பக்கம் பார்க்க உட்கார வைப்பார். முதலில் தண்ணீர் கொடுக்கச் சொல்வார். சாட்சி சொல்வதை வாக்கியம் வாக்கியமாக டைப்பிஸ்ட்டுக்குச் சொல்லி, அடித்ததைத் திரும்பத் தமிழில் வாசித்துக் காட்டி, 'இப்படித்தான் சொன்னீங்களா?' என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவார். எங்களிடமிருந்து காபிகூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

முதல் அமர்வில் தங்கவேல் சாட்சி சொன்னார். நான் நிர்வாகத் தரப்பில் கேள்வி கேட்டேன். உங்களுக்கு உதவியாக இன்னொரு தொழிலாளியை வைத்துக்கொள்ளலாம் என்று சவரிமுத்துவிடம் நாகராஜன் சொன்னார். யாரும் வேண்டாம் என்றார் சவரிமுத்து. குறுக்கு விசாரணை செய்யலாம் என்றதற்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். காரணத்தை மட்டும் நாகராஜன் விதவிதமாகக் கேட்டுப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. இத்தோடு முடித்துவிடலாமே என்று நான் சொன்னபோது, நாகராஜன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "பேச மாட்டேன்னு சொல்றவருக்கும் பேசறதுக்கு இன்னொரு நாள் குடுக்கணும் தம்பி" என்று அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார்.

வெளியே வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்த சவரிமுத்துவிடம் போனேன். வேலை போய்விடும், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களே, எதையாவது சொல்லக்கூடாதா என்றேன். அவர் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு நின்றார்.

"எனக்காச்சும் விசாரணைன்னு ஒண்ணு இருக்கு சார். எல்லாருக்குமா இருக்கு?"

அவ்வளவுதான் சொன்னார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க அது மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது புது மெஷின் பூட்டுவதற்கு ஜெர்மனியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்திருந்தார். கேன்டீனில் ஹார்ப்பர் அவரிடம் எங்கள் சட்டத்தைக் கிண்டலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெர்மன்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரிலும் ஒருவரை அனுப்புவதற்கு முன்னால் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த சபையிடம் சொல்லி அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும், கேட்காமல் அனுப்பினால் அந்த உத்தரவே செல்லாது என்றார். அப்படியானால் வேலை குறையும் காலத்தில் என்ன செய்வீர்கள் என்று ஹார்ப்பர் கேட்டார். எல்லாருக்கும் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டு, ஒருவரையும் அனுப்பாமல் ஓட்டிவிடுவோம், அரசாங்கமும் கை கொடுக்கும் என்றார் அவர். ஹார்ப்பர் சாப்பாட்டைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

எனக்கு அப்போதுதான் எங்கள் நிலைமை சரியாகப் புரிந்தது. ஹார்ப்பர் ஊரில் ஒருவருக்கும் வேலி இல்லை. ஜெர்மன்காரர் ஊரில் வேலி இருக்கிறது, அதில் பேசித் திறக்க ஒரு கதவும் இருக்கிறது. எங்கள் மில்லில் பாதிப் பேருக்குக் கோட்டைச் சுவர், மீதிப் பேர் பொட்டல் வெளியில் நிற்கிறார்கள். சவரிமுத்து சுவருக்குள் இருந்துகொண்டு, வெளியே நிற்கும் யாரையோ மறைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த ஷிப்ட்டில் அந்தப் பக்கத்து ஃப்ரேம்களில் இருந்தது பயிற்சிப் பெண்கள்தான். போய்க் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால் பயந்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கேட்டேன் என்று தெரிந்தால் முதலாளி அவர்களை அனுப்பிவிடவும் கூடும். பேசாமல் இருந்துவிட்டேன்.

இரண்டாவது அமர்வு தொடங்கும் முன்பு, விசாரணை அறைக்கு வெளியே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். சாணார்பட்டிப் பக்கத்து வளர்மதி. ரிங் ஃப்ரேமில் பயிற்சிக்கு இருந்தவள், வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். என்னம்மா என்றேன்.

"சார், நான் உள்ள வந்து உள்ளதச் சொன்னா, என்னைய ஊருக்கு அனுப்பிருவீங்களா?"

அனுப்ப மாட்டோம் என்று சொல்ல எனக்கு ஆசை. எந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு சொல்வது? "எனக்குத் தெரியலம்மா. அனுப்ப வேணாம்னு நான் சொல்லுவேன். அது மட்டுந்தான் என் கையில இருக்கு" என்றேன். அவள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு எனக்கு முன்னால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அவளைப் பார்த்ததும் சவரிமுத்து எழுந்துவிட்டார். "ஏ புள்ள, ஒன்னைய யாரு இங்க வரச் சொன்னா? போ வெளிய." அத்தனை நாளில் அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான். நாகராஜன் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

அவள் சொன்னது இதுதான். ஃப்ரேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பல்சக்கரப் பெட்டிப் பக்கம் சேரும் பஞ்சை எடுத்துவிட வேண்டும் என்பது சூப்பர்வைசர் உத்தரவு. நிறுத்தி எடுத்தால் உற்பத்தி குறையும். அன்றைக்கு ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று இன்னும் அவசரம். குனிந்து எடுத்தபோது மேல்கோட்டுக்கு வெளியே வந்திருந்த தாவணி நுனி சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. கையோடு சேர்த்து இழுத்தது. அந்த ஃப்ரேமின் ஸ்டாப் பட்டன் ரொம்ப நாளாக வேலை செய்யவில்லை. கத்தினாள், இரைச்சலில் ஒருவருக்கும் கேட்கவில்லை. பேனலில் நின்ற சவரிமுத்து பார்த்துவிட்டார். ஓடி வந்திருந்தால் நேரம் பத்தியிருக்காது. பக்கத்திலிருந்த மெயினை அணைத்தார். எல்லாரும் அறுந்த இழைகளைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தபோது வந்து தாவணியைக் கிழித்து எடுத்து அவளை விடுவித்தார். ஒருத்தரிடமும் சொல்லாதே, சொன்னால் ஓடுகிற மெஷினில் கை வைத்தாய் என்று உன்னைத்தான் அனுப்புவார்கள் என்றார்.

"அண்ணன் நிப்பாட்டலைன்னா எனக்குக் கை இருக்காது சார்" என்று சொல்லி முழங்கைக்கு மேலே இருந்த தடத்தைக் காட்டினாள். நாகராஜன் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி டைப் அடிக்க வைத்து, திரும்ப வாசித்தார். சவரிமுத்து ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார்.

அதை நான் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு ஹார்ப்பரிடம் போனேன். நின்றபடி படித்தார். நேராக ஸ்பின்னிங்குக்குள் நடந்தார். அந்த ஃப்ரேமுக்குப் போய் அவரே ஸ்டாப் பட்டனை அழுத்திப் பார்த்தார். ஃப்ரேம் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் நின்ற இடத்தில் நின்று குனிந்து பார்த்தார். அறைக்குத் திரும்பினார். முதல் தடவையாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"என் ஊரில் ஒருவரை அனுப்ப எனக்குக் காரணம் வேண்டாம்" என்றார். "ஆனால் ஓடுகிற மெஷினைச் சுத்தம் செய்ய வைத்து ஒரு பெண்ணின் கை போனால், அதற்கு நான் பதில் சொல்லி முடிக்க முடியாது."

எங்கள் சட்டமும் அதைத்தான் சொல்கிறது, ஓடுகிற மெஷினில் பெண்களை அப்படிச் சுத்தம் செய்ய விடக்கூடாது என்றேன். அது எங்கள் அலமாரியில் இருக்கும் புத்தகத்திலேயே இருந்தது.

மறுநாள் முதலாளி வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்பதுதான் அவர் கவலை. ஹார்ப்பரைப் பார்த்துச் சொன்னார்: "எலெக்ட்ரீஷியன உள்ள எடுத்துக்கலாமுங்க, நல்ல மனுசன். அந்தப் புள்ளைய மட்டும் ஊருக்கு அனுப்பிட்டா இந்தப் பேச்சே இருக்காதுங்க. அவளுக்குத்தான் விசாரணை ஒண்ணும் வேண்டியதில்லையே. நீங்க சொல்ற மாதிரி, சிம்பிளுங்க."

நான் மொழிபெயர்த்தேன். கடைசி வார்த்தையை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்திருந்த வாக்கு ஞாபகம் வந்தது. அனுப்பக் கூடாது சார், உள்ளதைச் சொன்னதற்குத் தண்டனை என்றால் இனி இந்த மில்லில் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள், அடுத்த பட்டன் கெட்டுப்போனால் நமக்குத் தெரியவே தெரியாது என்று இரண்டு பேரிடமும் இரண்டு மொழியிலும் சொன்னேன்.

ஹார்ப்பர் முதலாளி பக்கம் திரும்பினார். தன் பேச்சே இன்னொருவர் வாயிலிருந்து தன்னிடம் திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். "இல்லை" என்றார். "அந்தப் பெண் இருப்பாள்." பிறகு என்னைப் பார்த்து, எழுதிக்கொள் என்றார். நிரந்தரமோ பயிற்சியோ கான்ட்ராக்டோ, இந்த மில்லில் ஒருவரிடம் என்ன நடந்தது என்று கேட்காமல், அவர் சொல்வதைக் குறைந்தது இரண்டு பேர் உட்கார்ந்து கேட்காமல், யாரையும் அனுப்பக் கூடாது. சட்டம் கேட்காவிட்டாலும் இது இந்த மில்லின் விதி.

முதலாளி, "நீங்க சொன்னாச் சரிங்க" என்று எழுந்தார். குற்றம் நிரூபணமாகவில்லை என்று நாகராஜனின் அறிக்கை வந்தது. சவரிமுத்து முழுச் சம்பளத்தோடு திரும்ப வந்தார். வந்த அன்று அவர் செய்த முதல் வேலை, எல்லா ஃப்ரேம்களின் பட்டன்களையும் சோதித்தது. தங்கவேலிடமும் அதே விதிப்படி விளக்கம் கேட்டோம். உற்பத்தி குறைந்தால் மேலே இருந்து தன்னைத் திட்டுகிறார்கள் என்றார். அதையும் இரண்டு பேர் உட்கார்ந்து கேட்டோம். எச்சரித்து விட்டுவிட்டோம்.

நிவேதாவுக்கு நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் நிரந்தர வேலை இன்னும் சுருங்கியது, ஹாஸ்டல்கள் பெருகின. சிலருக்குப் போட்ட சுவரின் உயரமே மற்றவர்களை வெளியே நிறுத்துவதற்கு முதலாளிகளுக்குக் காரணமானது. முதலாளி சொன்ன கை நடுக்கம் பொய் இல்லை. ஆனால் அதற்கு மருந்து சுவரை இடிப்பதுதானா என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. அமெரிக்கக் கம்பெனி பங்கை விற்றுவிட்டுப் போன பிறகும் ஹார்ப்பரின் விதி மில்லில் இருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததுகூடக் காரணமாக இருக்கலாம். நான் ஓய்வு பெறும்வரை அந்த விதிப்படி பயிற்சிப் பெண்கள் எத்தனையோ பேரை உட்கார வைத்துக் கேட்டிருக்கிறோம். அவர்களில் பெரும்பாலோர் திரும்ப வேலைக்குத்தான் போனார்கள்.

அந்த விதியை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்று மத்தியானம், வாட்ச்மேன் ஒருவரை என்னிடம் அழைத்து வந்தார். வளர்மதியின் அப்பா. தோட்டத்துச் சம்பங்கியைத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் போட வந்தவரிடம் யாரோ, மில்லில் உன் மகள் ஏதோ வம்பில் மாட்டிக்கொண்டாள், அனுப்பப் போகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். துணிமணியை எடுத்துப் போக ஒரு காலிப் பையோடு நேராக வந்துவிட்டார். அவள் வேலையில்தான் இருக்கிறாள், ஒன்றும் இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. நல்ல வார்த்தை சொல்லி அனுப்புகிறேன் என்று நினைத்திருப்பார். ஷிப்ட் முடிந்ததும் கூப்பிடுகிறேன், நீங்களே பேசுங்கள் என்றேன். கேட் ஓரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். டீ கொடுத்தனுப்பியும் குடிக்கவில்லை.

சங்கு ஊதியது. பெண்கள் வரிசையாக ஹாஸ்டல் பக்கம் போனார்கள். நடுவில் வளர்மதி, தலையில் பஞ்சு ஒட்டியிருக்க, பக்கத்தில் இருந்தவளிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனாள். எங்கள் பக்கம் திரும்பவில்லை. அவர் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் சார். சிரிச்சுக்கிட்டுப் போறா. இந்நேரத்துல என்னையப் பாத்தா, வீட்ல என்னமோ ஏதோன்னு பயந்துருவா" என்றார். பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆறிப்போயிருந்த டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "வாரேன் சார்" என்று பஸ்ஸுக்கு நடந்தார்.